வால்ட்முல்லர் 1828-ல் தன்னையே வரைந்த படம்: கையில் தூரிகை ஏன் இல்லை?

கேள்வி இது: "ஃபெர்டினாண்ட் கியோர்க் வால்ட்முல்லர் என்ற வியன்னா ஓவியர் 1828-ல் தன்னைத்தானே வரைந்துகொண்ட படத்தைப் பார்த்தேன். கையில் தூரிகை இல்லை, வண்ணத்தட்டு இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை மாதிரி உடுத்திக்கொண்டு நிற்கிறார். பீடர்மையர் பாணிக்கு நல்ல உதாரணம் என்கிறார்கள். எனக்கு வெறும் போட்டோ மாதிரிதான் தெரிகிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது?"

அந்தக் கடைசிப் பேச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன். படம் வரையப்பட்டது 1828-ல். டகேரின் புகைப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839-ல். வால்ட்முல்லர் இந்தப் படத்தை முடித்தபோது, ஒரு மனித முகத்தை அப்படியே பிடித்து நிறுத்திவைக்கும் கருவி உலகத்தில் கிடையாது. எனவே அவர் போட்டோவைப் போல வரைய முயன்றார் என்று சொல்ல வழியில்லை. போட்டோ பார்த்தே வளர்ந்த கண்கள் நமக்கு; கூர்மையாக எதைக் கண்டாலும் அந்த ஞாபகம் வந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால்தான் இந்தப் படம் பிடிபடும்.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் வால்ட்முல்லர் தன்னை ஒரு வாடிக்கையாளராக வரைந்திருக்கிறார். காசு கொடுத்துப் படம் வரையச் சொல்லி வரும் வியாபாரியையும் அதிகாரியையும் எந்தக் கண்ணால் பார்த்தாரோ, அதே கண்ணால் கண்ணாடியில் தன்னைப் பார்த்திருக்கிறார். ஓவியன் என்பதற்காகத் தனக்கென்று ஒரு தனி ஒளிவட்டம் வைத்துக்கொள்ளவில்லை. கேட்க எளிமையாக இருக்கும் இந்த முடிவுக்குள்தான் பீடர்மையர் காலமும் (1815 முதல் 1848 வரையிலான நடுத்தர வர்க்கக் காலம், பிறகு விளக்குகிறேன்) இருக்கிறது, பிற்பாடு அவருடைய வேலைக்கே உலைவைத்த பிடிவாதமும் இருக்கிறது.

முதலில் படம். வியன்னாவின் பெல்வெடேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கித்தானில் எண்ணெய் வண்ணம், 95 செ.மீ. உயரம், ஏறக்குறைய 75 செ.மீ. அகலம். வரைந்தபோது அவருக்கு வயது 35. சுருட்டை முடி, சிவந்த கன்னம், அடர்ந்த நிறத்தில் கோட்டு, உள்ளே கோடுபோட்ட வெளிர்நிற வேஸ்ட் (கையில்லாத உள்கோட்டு), கழுத்தில் நேர்த்தியாகக் கட்டிய துணி. பின்னால் அறையோ பட்டறையோ இல்லை, மரங்களும் வானமும்தான். அந்தக் காலத்து வியன்னா உருவப்படங்களில் நிற்கும் எந்தக் கனவானுக்கும் இதே உடை, இதே பின்னணி இருந்திருக்கலாம். கீழே பெயர் எழுதியிருக்காவிட்டால், இவர் பட்டு வியாபாரியா, வங்கிக்காரரா, வக்கீலா என்று நாம் ஊகித்துக்கொண்டிருப்போம்.

இந்த இடத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது தெரிந்தால் உடையின் அர்த்தம் புரியும். வால்ட்முல்லர் 1793 ஜனவரி 15 அன்று வியன்னாவில் பிறந்தவர். அம்மாவுக்கு மகன் பாதிரியாராக வேண்டும் என்று ஆசை. மகன் 1807-ல் ஓவிய அகாதெமியில் போய்ச் சேர்ந்தார். வீட்டு ஆதரவு நின்றுபோக, ராத்திரியில் மிட்டாய்களுக்கு வண்ணம் தீட்டி வயிற்றைக் கழுவினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அப்புறம் பிரெஸ்பூர்க் நகரில் (இன்றைய பிராட்டிஸ்லாவா) சின்ன உருவப்படங்கள் வரைந்து பிழைத்தார். 1811-ல் கியுலாய் பிரபுவின் பிள்ளைகளுக்கு ஓவிய ஆசிரியராகக் குரோவேஷியாவுக்குப் போனார். 1814-ல் கத்தரீனா வைட்னர் என்ற பாடகியை மணந்தார். மனைவிக்கு எந்த ஊர் அரங்கில் பாட்டோ, அந்த ஊருக்குக் கூடவே போய் நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தார். 1817-ல்தான் வியன்னா திரும்பினார்.

திரும்பியவர் செய்த வேலை, அரண்மனைத் தொகுப்புகளிலும் பிரபுக்களின் தொகுப்புகளிலும் இருந்த பழைய மேதைகளின் படங்களை நகல் எடுப்பது. வருடக்கணக்கில் செய்தார். அதில் கை தேர்ந்தது; தனக்கென்று பார்வை எதுவும் வரவில்லை என்று பிற்பாடு அவரே எரிச்சலோடு எழுதினார்.

பிறகு மெல்ல மெல்ல வாடிக்கை பெருகியது. 1823-ல் லைப்ஸிக் நகரின் இசைப் பதிப்பாளர்களான பிரைட்கோப்ஃப்-ஹெர்ட்டல் நிறுவனத்துக்காகப் பீத்தோவனை வரைந்தார். பீத்தோவன் எரிச்சலோடு ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டார், மீதியை ஓவியர் நினைவிலிருந்து முடித்தார் என்று பீத்தோவனின் உதவியாளர் ஷிண்ட்லர் எழுதிவைத்திருக்கிறார். (ஷிண்ட்லர், காது கேளாத பீத்தோவனோடு மற்றவர்கள் எழுதிப் பேசிய குறிப்பேடுகளிலேயே பிற்பாடு கைவைத்து எழுதியவர், அவர் சொன்னதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை.) 1827-ல் சக்கரவர்த்தி முதலாம் ஃபிரான்ஸையே வரையும் வாய்ப்பு வந்தது. அடுத்த வருடம் இந்தச் சுய உருவப்படம். அதற்கும் அடுத்த வருடம், 1829-ல், அகாதெமியின் ஓவியக்கூடத்துக்குக் காப்பாளர் பதவி, கூடவே பேராசிரியர் என்ற மரியாதை.

அதாவது மிட்டாய்க்கு வண்ணம் பூசிய கை, சக்கரவர்த்தியை வரைந்த கையாக மாறி, அரசு சம்பளம் வருவதற்குச் சற்று முன்னால் வரைந்த படம் இது. கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக ஸ்டுடியோவுக்குப் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்களே, அந்த நிமிர்வு இதில் இருக்கிறது. இதைத் தற்பெருமை என்று சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஓவியன் என்றால் மேடைச்சீலை அடிக்கிற கூலிக்காரன் என்று நினைத்த சமூகத்திடம், "நானும் உங்களில் ஒருவன்" என்று சொல்ல அவருக்கு இருந்த வழி இதுதான்.

வியாபாரக் கணக்கும் இதில் உண்டு. உருவப்படக்காரனுக்குச் சுய உருவப்படம் ஒரு மாதிரித் துண்டு. வீட்டுக்கு வரும் புது வாடிக்கையாளர் ஒருமுறை படத்தைப் பார்ப்பார், ஒருமுறை ஓவியரைப் பார்ப்பார். எவ்வளவு பொருந்துகிறது என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார். வேறு எந்தப் படத்துக்கும் இந்த வசதி இல்லை. இன்னொரு சின்ன விஷயம்: கண்ணாடி பார்த்து வரைகிற வலதுகை ஓவியர், கண்ணில் தெரிவதை அப்படியே வரைந்தால் இடது கையில் தூரிகை பிடித்தவராகத்தான் படத்தில் வருவார். இதனால் கைகளை மாற்றி வரைந்தவர்கள் உண்டு, கைகளை மறைத்தவர்களும் உண்டு. வால்ட்முல்லர் தூரிகையை விட்டதற்கு இது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணால் கண்டதைத்தான் வரைய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, தூரிகை இல்லாதது ஒரு தலைவலியைக் குறைத்திருக்கும்.

சரி, பீடர்மையர் எங்கே வருகிறது?

நெப்போலியனைத் தோற்கடித்த பிறகு 1814-15-ல் ஐரோப்பாவின் அரசர்களும் அமைச்சர்களும் வியன்னாவில் கூடி வரைபடத்தைத் திருத்தி எழுதினார்கள். அதிலிருந்து 1848 புரட்சி வரை ஆஸ்திரியாவை உண்மையில் நடத்தியவர் அமைச்சர் மெட்டர்னிக். 1819-ன் கார்ல்ஸ்பாட் தீர்மானங்களுக்குப் பிறகு பத்திரிகைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடும் கட்டுப்பாடு. நாடகம், புத்தகம் எல்லாம் தணிக்கைக்குப் போய்த்தான் வர வேண்டும். நாலு நண்பர்கள் சேர்ந்து பேசினாலே போலீஸ் காது வைக்கும். 1820-ல் கவிஞர் சென் கைதானபோது, அங்கே இருந்த இசையமைப்பாளர் ஷூபர்ட்டையும் பிடித்து விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். (அதே ஷூபர்ட் இந்தப் படம் வரையப்பட்ட 1828-ல், நவம்பர் மாதம், 31 வயதில் வியன்னாவில் செத்துப்போனார்.) இப்படிப்பட்ட ஊரில் நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கை வீட்டுக்குள் நகர்ந்தது. பியானோ, நல்ல மரச்சாமான், குடும்பப் படம், ஜன்னல் ஓரத்துப் பூந்தொட்டி. அந்த வாழ்க்கைக்கு ஏற்ற மரச்சாமானுக்கும் ஓவியத்துக்கும் சேர்த்து, பிற்காலத்தவர்கள் பீடர்மையர் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் 1850-களில் மியூனிக் நகைச்சுவைப் பத்திரிகை ஒன்றில் வந்த கற்பனைக் கவிராயர் ஒருவரின் பெயர். வால்ட்முல்லர் தன்னைப் பீடர்மையர் ஓவியர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இந்த வாழ்க்கையில் படத்துக்குத் தேவை பெருகியது. முன்பு கோயிலும் அரண்மனையும் படம் வாங்கின. இப்போது துணி வியாபாரியும் நோட்டரியும் வாங்கினார்கள். கடவுளும் போர்க்களமும் அவர்களுடைய சுவருக்குப் பெரிது. அவர்களுக்கு வேண்டியது தங்கள் முகம், தங்கள் பிள்ளைகள், தங்கள் கோடை விடுமுறை. பணத்துக்கு ஏற்றபடி எல்லாமே கிடைத்தது: கிரீஹூபர் கல்லச்சில் ஆயிரக்கணக்கானவர்களை வரைந்து தள்ளினார், டாஃபிங்கர் உள்ளங்கையில் அடங்கும் சிறு படங்கள் செய்தார், கித்தானில் பெரிய படம் வேண்டுமானால் அமெர்லிங்கோ வால்ட்முல்லரோ.

அமெர்லிங்கையும் இவரையும் சேர்த்துப் பார்ப்பது இங்கே ரொம்ப உதவும். 1818-19-ல் இங்கிலாந்தின் பெரிய உருவப்பட ஓவியர் தாமஸ் லாரன்ஸ் வியன்னாவுக்கு வந்து, நெப்போலியனை வென்ற அரசர்களையும் அமைச்சர்களையும் வரைந்துவிட்டுப் போனார். புகைபோல மென்மையாகக் கரையும் ஓரங்கள், பளபளக்கும் பட்டு, பின்னால் வானமும் மரமும். ஊரே மயங்கியது. அமெர்லிங் லண்டனுக்கே போய் லாரன்ஸின் வழியைக் கற்று வந்தார். அவருடைய படங்களில் கன்னம் நிழலுக்குள் மெதுவாக நழுவும். வால்ட்முல்லர் லாரன்ஸிடமிருந்து பின்னணியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. வெளியிடம், வானம், மரம் எல்லாம் அந்த இங்கிலாந்துப் பழக்கம்தான். கரைதல் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல நிற்கிறது.

இதனால் ஒரு குறையும் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆள் பின்னணியோடு ஒட்டவில்லை. முகத்தில் விழும் வெளிச்சம் அறைக்குள் ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம். பின்னால் இருப்பது திறந்தவெளி. இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்த்தவை இல்லை என்பது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். பிராட்டர் பூங்காவின் மரங்களையும் ஸால்ஸ்காமர்குட் ஏரிகளையும் நேரில் பார்த்து அவர் வரையத் தொடங்கியது 1830-களில்தான். வெயிலில் நிற்கும் மனிதன் எப்படி இருப்பான் என்ற கேள்வி அதற்கப்புறம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1828-ல் அந்தக் கேள்வி இன்னும் பிறக்கவில்லை. மரம் வெறும் திரைச்சீலை.

இப்போது வண்ணம் பூசிய விதம். இதுதான் படத்தின் உயிர் என்று நினைக்கிறேன். தூரிகை போன தடம் தெரியாது. வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒன்று காய்ந்த பிறகு மற்றொன்றை ஏற்றி, கடைசியில் மேற்பரப்பு வழவழப்பாக நிற்கும்படி செய்வது அந்தக் காலத்து வியன்னாவில் பலருக்கும் தெரிந்த வித்தைதான். வால்ட்முல்லரிடம் விசேஷம் வேறு: எதற்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறார் என்பது. சாதாரணமாக உருவப்பட ஓவியர் முகத்தில் உயிரைக் கொடுப்பார். கழுத்துத் துணி வரும்போது வேகம் கூடும். கோட்டுக்கு வந்தால் இரண்டு இழுப்பு. பின்னணி சீடன் கையில். பார்ப்பவரின் கண்ணும் அதே வரிசையில் முகத்தில் போய் நிற்கும். வால்ட்முல்லரிடம் இந்த வரிசை கிடையாது. கண் இமைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை வேஸ்டின் கோடுகளுக்கும். துணி மடியும் இடத்தில் கோடு எப்படி வளைகிறது, எந்த இடத்தில் நிழலுக்குள் போய் நிறம் மாறுகிறது என்று ஒவ்வொன்றையும் பின்தொடர்கிறார். முடியின் சுருள்களும் அப்படித்தான்.

இந்தச் சம கவனம் சிலருக்கு மூச்சு முட்டும். எதை முதலில் பார்ப்பது என்று கண்ணுக்குச் சொல்லாத படம் அது. நீங்கள் "போட்டோ மாதிரி" என்றதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்; காமிராவுக்கும் முகம் உசத்தி, பொத்தான் தாழ்த்தி என்று கிடையாது. ஆனால் காமிராவுக்கு அது இயல்பு. மனிதக் கைக்கு அது ஒரு தீர்மானம். மாதக்கணக்கில் உட்கார்ந்து, களைத்துப்போகாமல், இது முக்கியமில்லை என்று எதையும் தள்ளாமல் இருப்பதற்கு ஒரு கொள்கை வேண்டும்.

அந்தக் கொள்கை எங்கே பிறந்தது என்று வால்ட்முல்லரே எழுதியிருக்கிறார். ஷ்டீர்லே-ஹோல்ட்ஸ்மைஸ்டர் என்ற ராணுவ கேப்டன் ஒருவர் தன் அம்மாவை வரையச் சொல்லி வந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அம்மா எப்படி இருக்கிறாளோ அப்படியே வரைய வேண்டும். அழகுபடுத்தக் கூடாது, வயதைக் குறைக்கக் கூடாது. சுமார் 1819-ல் வரைந்த அந்தப் படம் இன்று பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அகலமான முகம், தளர்ந்த தாடை, அதைச் சுற்றி ரிப்பன் வைத்த பெரிய தொப்பி. கிண்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பழைய மேதைகளை நகல் எடுத்துக்கொண்டிருந்த தனக்கு அந்த வேலையின்போதுதான் கண்ணைக் கட்டியிருந்த கட்டு அவிழ்ந்தது என்று வால்ட்முல்லர் பிற்பாடு எழுதினார். இயற்கையைத் தவிர வேறு ஆசிரியர் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்ததும் அப்போதிலிருந்துதான்.

இதில் எனக்குப் பிடித்தது, அந்த விதியைப் போட்டவர் வாடிக்கையாளர் என்பது. ஓவியக் கொள்கை என்று பார்த்தால் அகாதெமியிலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லை தத்துவப் புத்தகத்திலிருந்து. இங்கே அம்மாவை அம்மாவாகவே பார்க்க ஆசைப்பட்ட ஒரு ராணுவக்காரரிடமிருந்து வந்தது. அதனால்தான் 1828-ல் தன்னை வரையும்போது வால்ட்முல்லர் தனக்குச் சலுகை கொடுத்துக்கொள்ளவில்லை என்று நான் படிக்கிறேன். கேப்டனின் அம்மாவுக்கு என்ன நியதியோ அதுவே ஓவியருக்கும்.

இந்த இடத்தில் அந்தக் காலத்து மற்றச் சுய உருவப்படங்களை நினைத்துப்பாருங்கள். காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் சுமார் 1810-ல் கரிய சாக்கட்டியால் தன்னை வரைந்த படம் பெர்லினில் இருக்கிறது. துறவியின் மேலங்கி போன்ற உடை, அடர்ந்த கிருதா, நம்மைத் துளைக்கும் பார்வை. வால்ட்முல்லர் படித்த அதே வியன்னா அகாதெமியின் மேல் கோபப்பட்டு 1810-ல் ரோமுக்குக் கிளம்பிப்போன ஓவர்பெக்கும் நண்பர்களும் நீளமாக முடி வளர்த்து, பழைய ஜெர்மானிய உடை போட்டு, இயேசுவின் சீடர்களைப் போலத் திரிந்தார்கள். 1840-களில் பிரான்சில் கூர்பே தன் தலைமுடியை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டு விழி பிதுங்க நிற்கும் படத்தை வரைந்தார். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நான் உங்களைப் போன்றவன் இல்லை. ஓவியன் என்பவன் வேறு பிறவி.

வால்ட்முல்லர் இந்தப் பேச்சுக்கே வரவில்லை. சலூனுக்குப் போய் முடி திருத்தி, தையற்காரரிடம் கோட்டு தைத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. போலீஸ் ராஜ்யத்தில் நடுத்தர வர்க்கம் வாயை மூடிக்கொண்டு வேஸ்டின் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தது, அதன் ஓவியம்தான் பீடர்மையர் என்பது ஒரு பழைய குற்றச்சாட்டு. பல ஓவியர்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட. சிரித்த குழந்தைகள், சாதுவான நாய், தையல் வேலை செய்யும் பெண் என்று சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வால்ட்முல்லரே சிலவற்றை வரைந்திருக்கிறார். அவருடைய கிராமத்துக் குழந்தைகள் சில படங்களில் தாங்க முடியாத அளவுக்குக் கொழுகொழுவென்று இருப்பார்கள்.

ஆனால் இந்தக் கனவான் வேடத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். நீள முடி வளர்த்தவர்களைவிட அரசு நிறுவனத்தோடு நேருக்கு நேர் மோதியவர் இவர்தான். காப்பாளர் பதவியில் உட்கார்ந்துகொண்டே, 1846-ல் ஓவியக் கல்வியை மாற்ற வேண்டும் என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். அகாதெமியில் மாணவர்கள் வருடக்கணக்கில் அச்சுப்படங்களையும் பிளாஸ்டர் சிலைகளையும் பார்த்து வரைகிறார்கள். அதற்குள் கண் செத்துப்போகிறது. என்னிடம் அனுப்புங்கள், முதல் நாளிலிருந்தே உயிருள்ள ஆளையும் மரத்தையும் பார்த்து வரையவைக்கிறேன், ஒரே வருடத்தில் ஓவியனாக்கிக் காட்டுகிறேன் என்பது அவருடைய வாதம். அகாதெமிக்கு அப்போது மேலே இருந்தவர் யார் தெரியுமா? மெட்டர்னிக். 1848 வரை அதன் புரவலர் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. சகப் பேராசிரியர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு வருடத்தில் முடிகிற வேலைக்கு இவர்கள் எதற்கு என்ற கேள்வி அதில் ஒளிந்திருந்ததே.

1848-ல், மார்ச் புரட்சியில் மெட்டர்னிக் ஓடிப்போன அதே வருடத்தில், வால்ட்முல்லர் மறுபடியும் தன்னை வரைந்தார். இந்தமுறை ஈசல் முன்னால். வயது 55. இருபது வருடத்துக்கு முன் கனவானாக நின்றவர், இப்போது வேலை செய்கிறவராக நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மரியாதையைச் சம்பாதிக்க வேண்டியிருந்த காலமும், சம்பாதித்த மரியாதையை வைத்துச் சண்டை போட்ட காலமும் தெரிகின்றன. அந்த வருடத்துப் புரட்சி தோற்றுப்போனது, அகாதெமியும் பெரிதாக மாறவில்லை. வால்ட்முல்லர் 1849-ல் இன்னொரு நூல் எழுதினார். 1857-ல் எழுதியதில் அகாதெமிகளையே மூடிவிடலாம் என்ற அளவுக்குப் போய்விட்டார். அதே வருடம் அவரைக் கட்டாயமாக ஓய்வில் அனுப்பினார்கள், ஓய்வூதியத்தையும் குறைத்து. முந்தின வருடம்தான் லண்டனுக்குப் படங்களை எடுத்துக்கொண்டுபோய் விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் காட்டி விற்றுவிட்டு வந்திருந்தார். ஊரில் அதெல்லாம் எடுபடவில்லை. 1860-களில், சாவதற்குச் சற்று முன்னால்தான், சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் யோசஃப் முழு ஓய்வூதியம் கொடுக்க உத்தரவிட்டார். 1865 ஆகஸ்ட் 23 அன்று, வியன்னாவுக்குப் பக்கத்தில் ஹின்டர்ப்ரூலில் இறந்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஆளையே மறந்துவிட்டார்கள். 1906-ல் பெர்லினில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியத்துக்கென்று ஒரு மாபெரும் கண்காட்சி நடந்தது. ஃபிரீட்ரிக்கைப் போலவே வால்ட்முல்லரையும் புதிதாகப் பார்க்கவைத்தவற்றில் அதுவும் ஒன்று. தச்சு வேலையில் பீடர்மையர் நாற்காலிகளை அந்தக் காலத்து நவீன வடிவமைப்பாளர்கள் கொண்டாடத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான். தேவையில்லாத வேலைப்பாடு இல்லாமல், மரத்தை மரமாகக் காட்டும் நாற்காலி அவர்களுக்குப் பிடித்திருந்தது. வால்ட்முல்லரின் முகமும் அவர்களுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: அப்படியே வரைந்தார் என்கிறீர்கள், ஆனால் 1828 படத்தில் ஆள் அழகாகத்தானே இருக்கிறார்? இருக்கிறார். 35 வயதில் அழகாக இருப்பது குற்றமா என்ன. உடையைத் தேர்ந்தெடுத்தது, நிற்கும் நிலையைத் தேர்ந்தெடுத்தது, வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தது எல்லாம் அவர்தான். உள்ளதை உள்ளபடி என்பது தேர்வு முடிந்த பிறகு தொடங்குகிற நேர்மை. கேப்டனின் அம்மாகூட இருப்பதிலேயே நல்ல தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு வந்திருப்பாள். ஆள் எதைக் காட்ட விரும்புகிறாரோ அதற்கு ஓவியர் தடைபோடுவதில்லை. காட்டியது எதையும் மழுப்புவதும் இல்லை. பீடர்மையர் உருவப்படங்களில் நல்லவை எல்லாம் இந்த ஒப்பந்தத்தில்தான் நடக்கின்றன.

வியன்னா போக முடிந்தால் மேல் பெல்வெடேரில் இந்தக் காலத்துப் படங்களைத் தேடிப்பாருங்கள். போக முடியாவிட்டாலும் அருங்காட்சியகமே தன் தொகுப்பை இணையத்தில் பெரிய அளவில் போட்டிருக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கலாம். முகத்தை விட்டுவிட்டு வேஸ்டின் ஒரு கோட்டை மட்டும் மேலிருந்து கீழே கண்ணால் பின்தொடருங்கள். பிறகு, அதே தொகுப்பில் இருக்கும் 1835-ன் எல்ட்ஸ் குடும்பப் படத்தைத் திறங்கள்: இஷ்ல் மலைப் பகுதியில் கோடை விடுமுறைக்கு வந்த நோட்டரி, மனைவி, எட்டுப் பிள்ளைகள். பத்து முகம், பத்து உடை, பின்னால் மலை. ஏழு வருடத்துக்கு முன் தன் வேஸ்டுக்குக் கொடுத்த கவனத்தை அங்கே ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் காலருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். கடைசியாக அமெர்லிங் 1837-ல் வரைந்த ஆர்ட்ஹாபர் என்ற வியாபாரியும் அவர் பிள்ளைகளும் இருக்கும் படம், அதுவும் பெல்வெடேரில்தான். அங்கே நிழல் எங்கெல்லாம் வேலை செய்கிறது, வால்ட்முல்லரிடம் எங்கெல்லாம் நிழலுக்கு அந்த வேலை இல்லை என்று ஒப்பிட்டால், நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னுடைய பதிலைவிடத் தெளிவான பதில் கிடைக்கும்.